பன்னிரண்டு இருபதுக்கு ஒரு நிறுத்தம்

எங்கள் இத்தாலி யாத்திரை ஒன்பது பேரோடு தொடங்கி, மொன்றியலை விட்டு ஓர் அடி நகராமலே இரண்டு பேராகக் குறைந்தது. அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். பெயர் அஞ்சலீனா, வயது ஐம்பத்தேழு, கணவர் இல்லை. மற்றவர் செபஸ்தியாம்பிள்ளை, வயது அறுபத்திரண்டு, மனைவி இல்லை. மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். எங்கள் கோவிலில் எல்லோரும் யோசித்தார்கள்.

நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் பதினேழு வருடமாக நிற்கிறேன். தராசுக்குப் பின்னால் ஒரு கலண்டர் தொங்கும். பாஸ்தா இறக்குமதி செய்கிற கொம்பனி ஒன்று வருடாவருடம் கொடுப்பது. மாதத்துக்கு ஒரு மலையூர். உச்சியில் கல்வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், நடுவில் கோவில் கோபுரம் தெரியும், கீழே ஒலிவ் மரங்கள். ஒவ்வொரு டிசம்பரும் பழைய கலண்டரை வீட்டுக்குக் கொண்டுபோய், "இங்க ஒருக்காப் போவமே" என்று என் கணவரிடம் கேட்பேன். "பேந்து பாப்பம்" என்பார். நல்ல மனிதர், குறை சொல்லமாட்டேன். பிறகு பிறகு என்றே காலம் போய், ஒன்பது வருடத்துக்கு முன் அவரும் போய்விட்டார். கலண்டர்கள் மட்டும் அலுமாரிக்குள் கிடந்தன.

ஆகவே போன நவம்பரில் பங்குத் தந்தை, "ரீத்தம்மாளின் ஊருக்கு யாத்திரை போக ஆருக்கெல்லாம் விருப்பம்?" என்று கேட்டபோது முதலில் எழும்பின கை என்னுடையது. நடக்காத காரியங்களுக்காக மன்றாடுகிற புனிதை ரீத்தம்மாள். அவருடைய ஊர் காஷா, இத்தாலியின் நடுவில் ஒரு மலைமேல் இருக்கிறது. மே மாதம் இருபத்திரண்டாம் தேதி திருநாள், ஊர் முழுக்க ரோசாப்பூவாம். எனக்குப் போகவேண்டும். இந்தக் கதையில் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பெரிய பஸ்ஸில் கூட்டத்தோடு போனால் ஆடு மாடு மாதிரி ஏற்றி இறக்குவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ரோமில் ஒன்பது பேர் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஸ்பெல்லோ என்ற சின்ன ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் தங்கி, அங்கேயிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் போய்வருவது என்று முடிவாயிற்று. வழிக்குப் பொறுப்பு செபஸ்தியாம்பிள்ளை, சாப்பாட்டுக்குப் பொறுப்பு நான். ஞாயிறு பூசை பதினொன்றரைக்கு முடிந்ததும் கோவிலின் நிலக்கீழ் மண்டபத்தில் கூடிக் கதைக்கவேண்டும்.

செபஸ்தியாம்பிள்ளை துறைமுகத்தில் இருந்து கொள்கலன் லொறி ஓட்டுபவர். இருபத்தாறு வருட அனுபவம். நெடுத்த ஆள், பேச்சு குறைவு. ஒரு கேள்வி கேட்டால் பதில் அடுத்த ஞாயிறு வரும். முதல் கூட்டத்துக்கே ஒரு நீல ஃபைலோடு வந்து, மேசையில் வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"முதல் எங்க நிப்பாட்டுறது எண்டு பாக்கோணும். ஊர் எங்கையும் ஓடிப்போகாது."

நான் ஏற்கெனவே என் திட்டத்தோடு போயிருந்தேன். முதல் நாள் காலை அசிசி, மத்தியானம் பெருஜா, பின்னேரம் டோடி. ரொறன்ரோவுக்குப் போனால் ஒரே நாளில் நாலு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் நாங்கள். மூன்று மலை ஏற மாட்டோமா?

"ஒரு நாளுக்கு ஒரு மலை" என்றார் அவர். "மேல கார் விடாயினம். சிவப்பு வட்டம் போட்ட வெள்ளைப் பலகை ஒண்டு நிக்கும். அதைத் தாண்டினால் கமெரா படம் எடுத்துப்போடும். கீழ நிப்பாட்டிப்போட்டு ஏறோணும். ஏறினால் இறங்கவும் வேணும்."

"அப்ப டோடி?"

"டோடிக்கு வேற நாள்."

"செபஸ்தி அண்ணை, நீங்கள் எங்களை இத்தாலி பாக்கக் கூட்டிக்கொண்டு போறியளோ, இல்லாட்டில் கார் நிப்பாட்டுற இடம் பாக்கவோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒன்பது பக்கம் கொண்டுவந்தார். நாளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு சந்தியையும் கணினியில் படம் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். ஓர்வியெத்தோவில் கீழே காரை விட்டால் தானாக நகரும் ஓடும்படியில் மேலே போகலாம், முழங்கால் நோவுக்காரருக்கு நல்லது. காஷாவிலும் ஓடும்படி உண்டு. டோடிக்குப் போகிற பாதையில் வளைவுகள் அதிகம், தலைசுற்றுகிறவர்கள் முன்னுக்கு இருக்கவேண்டும். எனக்கு வாயடைத்துப் போயிற்று. வாயடைத்துப்போனால் எனக்குக் கோபம் வரும். ஆகவே சாப்பாட்டுப் பக்கம் திரும்பினேன்.

சாப்பாட்டில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சோறு அவிக்கிற கூக்கர் ஒன்று, அரிசி, வறுத்த மிளகாய்த்தூள், டின் மீன், மாசிச் சம்பல். காலையில் சமைத்து, பார்சல் கட்டி, மலை அடிவாரத்தில் வானுக்குள் இருந்து சாப்பிடுவது. எங்கள் சனம் எந்த யாத்திரைக்குப் போனாலும் அப்படித்தான்.

"இஞ்சத்தைக் கூக்கர் அங்க வேலை செய்யாது" என்றார் செபஸ்தியாம்பிள்ளை. "அங்க கரண்ட் இரட்டிப்பு. போட்டவுடன புகைஞ்சுபோம்."

"அப்ப பட்டினி கிடக்கிறதோ?"

"பானையில அவிக்கலாம்தானே. இரவைக்கு வீட்டில சோறு. மத்தியானம் அவையின்ர சாப்பாடு."

இதற்காக மூன்று ஞாயிறு சண்டை போட்டோம். சண்டை போட்டுப் போட்டே அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியவந்தது. வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாதே, மலையில் மீனுக்கு எங்கே போவது என்று நான் மடக்கினால், காஷாவுக்குப் போகிற வழியில் ஓடும் ஆற்றில் மீன் பிடித்து நெருப்பில் வாட்டிக் கொடுக்கிற கடை ஒன்றைக் கண்டுபிடித்து வந்தார். சட்டியில் சுடுகிற ரொட்டி ஒன்று அந்தப் பக்கத்தில் இருக்கிறது, எங்கள் ரொட்டி மாதிரித்தான் என்றார். நோர்ச்சாவுக்கு மேலே ஒரு மலையில் சின்னச் சின்னப் பருப்பு விளைகிறது, அதில் சூப் வைப்பார்கள் என்றார். "பாஸ்தாவைவிட உங்களுக்குப் பருப்பு ஒத்துவரும்" என்றும் ஒரு நாள் சொன்னார். இவர் யார் எனக்கு ஒத்துவருகிறதைச் சொல்ல என்று மனதுக்குள் முறைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சீனி வருத்தம். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன் வயிற்றில் ஊசி போடவேண்டும். போட்டால் உடனே சாப்பிடவேண்டும். கோவிலில் இது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் பிறகு ஒரு துண்டு கேக்கை நான் நிம்மதியாக எடுக்க முடியாது, பத்துப் பேர் என் தட்டை எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே கூட்டத்தின் நடுவில், "தேத்தண்ணியைப் பாத்துக்கொண்டு வாறன்" என்று கைப்பையோடு மண்டபத்துக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். சீனி போடாத பணிஸ் ஒன்றும் கைப்பைக்குள் இருக்கும்.

சோற்றுச் சண்டை ஒருவாறு முடிந்ததும் நேரச் சண்டை தொடங்கியது. அவருடைய ஒன்பது பக்கத்திலும் ஒரு வரி மாறாமல் இருந்தது. பன்னிரண்டு இருபது, நிறுத்தம். பன்னிரண்டு முப்பத்தைந்து, சாப்பாடு மேசையில்.

"அங்க ரெண்டரைக்குத்தானே குசினி பூட்டுறது?" என்றேன். "அசிசியில புனிதரின்ர கல்லறையில நிண்டு செபம் சொல்லேக்க, பன்னிரண்டு இருபதாச்சு எண்டு இழுத்துக்கொண்டு வரப்போறியளோ? ஒண்டரைக்குச் சாப்பிட்டால் காணாதோ?"

"காணாது."

"ஏன்?"

"காணாது."

"லொறிக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பிடாட்டில் கை நடுங்குமாக்கும்."

"ஓம்" என்றார். "பழகிப்போச்சு."

அந்த ஞாயிறு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பாலாம்பிகையிடம் அவரைப் பற்றி நாற்பது நிமிடம் திட்டினேன். பாலாம்பிகை சைவக்காரி, பார்க் எக்ஸ்ரென்ஷனில் என் வீட்டுக்கு மேல்மாடி. ரீத்தம்மாளிடம் ஒரு நேர்த்தி வைத்திருந்ததால் எங்களோடு சேர்ந்தவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ ஆரையும் இவ்வளவு நேரம் திட்டி நான் கேட்டதில்லை" என்றாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் ஆட்கள் விலகத் தொடங்கினார்கள். முதலில் றொசானும் மனைவியும் மாமியாரும். புது வேலை, விடுமுறை கிடைக்கவில்லை. ஒன்பது ஆறாயிற்று. பிறகு மரியநாயகம் தம்பதி, அதே கிழமை ஸ்காபரோவில் கலியாணவீடு. நாலு. பிறகு கோவிலில் அறிவித்தல் வாசிக்கிற ஜெனாட்டின் பெரியம்மா, அவவுடைய முழங்காலைப் பார்த்த டொக்டர் படி என்ற சொல்லையே எடுக்கவேண்டாம் என்றாராம். மூன்று. ஒவ்வொரு முறையும் செபஸ்தியாம்பிள்ளை வானைச் சின்னதாக்கினார். ஒன்பது பேர் வான் ஏழு பேர் வானாகி, பிறகு ஐந்து பேர் காராயிற்று. "சின்னதெண்டால் அந்த ஒழுங்கைக்குள்ளால போகலாம்" என்று பக்கங்களைத் திருப்பி எழுதிக்கொண்டு வந்தார். நான் அரிசியைக் குறைத்தேன். நாலு சுண்டு, மூன்று, ஒன்றரை.

சண்டையும் குறைந்தது. எப்போது என்று தெரியாது, அவரை அண்ணை என்று கூப்பிடுவதை நான் நிறுத்தியிருந்தேன். வேறு பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. "இஞ்ச பாருங்கோ" என்று தொடங்குவேன்.

மார்ச் தொடக்கத்தில் பாலாம்பிகையின் மகளுக்குப் பிள்ளை பிறக்கிற நாளை டொக்டர் மே இருபது என்று சொல்லிவிட்டார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கவலை வந்திருக்கவேண்டும். வந்தது பயம். இரண்டு பேர் என்றால் இது யாத்திரையா? ஒரு கார், ஒரு வீடு, ஒன்பது நாள், தாரமிழந்த ஒருவர், கணவரை இழந்த ஒருத்தி. கைவிட்டுவிடலாம் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயம். போவோம் என்று சொல்லிவிடுவாரோ என்றும் பயம்.

எங்கள் கோவிலில் கலியாணம் என்றால் பூசை முடிவில் மூன்று ஞாயிறு அறிவித்தல் வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தைக்குத் தெரியப்படுத்தவும் என்று. யாத்திரைக்காரரின் பெயரையும் அதே இடத்தில்தான் வாசிப்பார்கள். விலகுகிறவர்கள் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக. வாசிக்கிறவன் கோவில் சங்கச் செயலாளர் ஜெனாட். வங்கியில் வேலை, நல்ல குரல், எதையும் வேகமாக வாசிப்பான்.

அந்த ஞாயிறு முதலில் டினோஜனுக்கும் மெலனிக்கும் கலியாண அறிவித்தல் வாசித்தான். அதே மூச்சில் தாளைத் திருப்பினான்.

"இத்தாலி யாத்திரை. செபஸ்தியாம்பிள்ளை, அஞ்சலீனா. இவர்களுக்கிடையில் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தைக்குத் தெரியப்படுத்தவும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டான். பின்வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கோவில் முழுக்கச் சிரித்தது. பீடத்தில் நின்ற ஃபாதரே வாயைப் பொத்திக்கொண்டார். தபசு என்கிற தவக்காலத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தக் கோவிலிலும் கேட்டதில்லை. எனக்கு நிலம் வெடித்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது. ஆண்கள் பக்கம் பார்த்தேன். செபஸ்தியாம்பிள்ளை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார், காது இரண்டும் கறுத்துச் சிவந்திருந்தன. அன்றைக்கு நான் மண்டபத்துக்குப் போகவில்லை. நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

புதன்கிழமை காலை ஜெனாட் சந்தைக்கு வந்தான், கையில் அந்த நீல ஃபைல்.

"அன்ரி, சொறி அன்ரி. நாக்கு பழகிப்போச்சு."

"உன்ர நாக்கைக் கொண்டுபோய் வங்கியில வை. இது என்னத்துக்கு?"

"செபஸ்தி அங்கிள் உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர். அவர் போகேல்லையாம்."

தக்காளிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தைப் பிரித்தேன். நேரான, பெரிய எழுத்து.

"அஞ்சலீனாவுக்கு. நான் விலகிக்கொள்கிறேன். உங்கள் பெயர் நாலு பேர் வாயில் விழக் கூடாது. ரொறன்ரோக் கோவில் ஒன்றிலிருந்து அதே கிழமை பஸ்ஸில் ஒரு கூட்டம் போகிறது. உங்களுக்காக ஒரு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் போகவேண்டும். இந்த ஃபைலை அங்கே பொறுப்பானவரிடம் காட்டுங்கள். முக்கியமாகச் சாப்பாட்டு நேரங்களைக் காட்டுங்கள். செபஸ்தியாம்பிள்ளை."

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் பெயரைக் காப்பாற்ற இவரிடம் யார் கேட்டது? இன்னும் என்ன சாப்பாட்டு நேரம், விலகின பிறகும் பன்னிரண்டு இருபதா? கிழித்து எறியலாம் என்றுதான் ஃபைலைத் திறந்தேன். இது கூட்டத்துக்குக் கொண்டுவந்த பிரதி இல்லை, அவர் தனக்கென்று வைத்திருந்தது. அதே ஒன்பது நாள். ஆனால் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்.

முதல் நாள், அசிசி. பன்னிரண்டு இருபது, அ. ஊசி. அதற்குக் கதவுள்ள இடம் வேண்டும். சாப்பாட்டுக் கடையில் கழிப்பறை கீழ்த்தட்டில், வெளிச்சம் உண்டா என்று கேட்கவும். பன்னிரண்டு முப்பத்தைந்து, தட்டு மேசையில் இருக்கவேண்டும், பிந்தக் கூடாது. இரண்டாம் நாள், ஓர்வியெத்தோ. அ. ஊசி. ஓடும்படியால் ஏறிய பிறகு, ஏற முன் அல்ல. நாலாம் நாள், டோடி. கடைசி ஏற்றம் செங்குத்து, அ.வுக்குச் சீனி இறங்கலாம், என் சட்டைப் பையில் இனிப்பு. ஆறாம் நாள், காஷா. திருநாள் கூட்டம், சாப்பாடு பிந்தும், பாணும் முட்டையும் கையில் கொண்டுபோகவும்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே ஒரு இத்தாலிய வசனம், தமிழ் எழுத்தில், பாடமாக்குவதற்காகச் சொல் சொல்லாகப் பிரித்து. "பேர் ஃபவோரே, சூபித்தோ. லா சிஞ்ஞோரா எ டியபேத்திகா." அதன் கீழே அடைப்புக்குள் அர்த்தம். தயவுசெய்து உடனே கொண்டுவாருங்கள். இந்த அம்மாவுக்குச் சீனி வருத்தம்.

ஒன்பது பக்கம். ஒன்பது தரம்.

தராசுக்கு முன்னால் நின்ற பெண், "சாவா, மதாம்?" என்று சுகம் கேட்டாள். "பருப்பு" என்றேன். எங்கள் கடையில் பருப்பு விற்பதில்லை. அவள் தக்காளியை எடுத்துக்கொண்டு போனாள்.

பின்னேரம் மகள் ஜொய்சி கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை முடிந்து வந்ததும் ஃபைலையும் கடிதத்தையும் அவள் முன்னால் வைத்தேன். என் ஊசியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று அன்று காலை வரை நினைத்திருந்தேன். அவள் ஒன்பது பக்கத்தையும் வாசித்தாள். தமிழ் எழுத்து அவளுக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். இங்கே வளர்ந்த மற்றப் பிள்ளைகளைப் போல இடையில் விடாமல் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தாள்.

"பூசையை வீடியோவில பாத்தனான் மம்மா" என்றாள். "இப்ப நீங்கள் பஸ்ஸில போறியளோ?"

"வேற என்ன செய்யிறது? சனம் என்ன சொல்லும்?"

"சனம் வருதோ இத்தாலிக்கு? அவையெல்லாம்தானே விலகிட்டினம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்தது. "அப்பா?" என்று கேட்டேன். அதை அவளிடம்தானே கேட்கமுடியும். அவள் கொஞ்ச நேரம் என் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவைக் கேட்டால் 'பேந்து பாப்பம்' எண்டுதான் சொல்லுவார்" என்றாள். அவளும் சிரித்தாள், அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அவர் கார் நல்லா ஓடுவாரோ மம்மா?" என்றாள். "அங்க ரோட்டெல்லாம் சரியான ஒடுக்கம்."

சனிக்கிழமை லீவு கேட்டேன். பதினேழு வருடத்தில் சனிக்கிழமை நான் லீவு கேட்டதில்லை. முதலாளி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. மெத்றோ எடுத்து, பஸ் மாறி, ரொக்ஸ்பரோவில் இறங்கி, விலாசத்தைக் கேட்டுக் கேட்டு நடந்தேன். இரவு பெய்த பனி முழங்கால் வரை. அவர் வீட்டு வாசலில் சவள் மண்வெட்டியால் பனி வழித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் சவளைப் பனியில் குத்திவிட்டு அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் விலகினீங்கள்?" என்றேன். வணக்கம் சொல்ல மறந்துபோயிற்று.

"கடிதத்தில எழுதினனான்."

"அது என்ர பேரைப் பற்றி. நான் உங்களைப் பற்றிக் கேக்கிறன்."

நான் ஃபைலை நீட்டினேன்.

"எனக்கு ஊசி எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி பாத்துக்கொண்டு வாறன் எண்டு குசினிக்குள்ள போவியள்" என்றார். "ஒரு நாளும் தேத்தண்ணி வந்ததில்லை."

நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன்.

"என்ர மனுசியும் இப்பிடித்தான் ஒளிச்சவ" என்றார். "நான் எந்த நேரமும் லொறியில. கவனிக்கேல்ல. கவனிக்கேக்க பிந்திப்போச்சு." சவளின் பிடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்கள் பஸ்ஸில போங்கோ. எல்லா ஊரும் பாக்கலாம்."

"ஊர் பாக்கிறதெண்டால் எனக்குக் கலண்டர் காணும்."

"சனம் சிரிச்சது, அஞ்சலீனா."

"சிரிக்கட்டும். இஞ்ச பாருங்கோ. எனக்கு இத்தாலிக்குப் போகோணும் எண்டுதான் நானும் நினைச்சுக்கொண்டிருந்தனான். அந்த ஃபைலை வாசிச்ச பிறகுதான் தெரியும். எனக்கு உங்களோட போகோணும்."

சொல்லிவிட்டேன். ஐம்பத்தேழு வயதில், பனியில், வீதியில் நின்றுகொண்டு. எதிர்வீட்டுக்காரர் நாயோடு போனார், "பொன்ஜூர்" என்றார். இரண்டு பேரும் திருப்பிச் சொன்னோம்.

"அவன் கலியாண அறிவித்தல் மாதிரியெல்லோ வாசிச்சுப்போட்டான்" என்றார் செபஸ்தியாம்பிள்ளை மெல்ல.

"ஓம். ஒரு ஞாயிறு வாசிச்சாச்சு. இன்னும் ரெண்டு ஞாயிறுதான் கிடக்கு."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியில் பனி உருகி வழிந்தது, துடைக்கவில்லை. கேள்விக்குப் பதில் அடுத்த ஞாயிறு தருகிற மனிதர். நான் காத்திருக்கத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனால் அவர் கையுறையைக் கழற்றி மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பன்னிரண்டு இருபது" என்றார். "உள்ள வாங்கோ."

குசினியில் கதிரை ஒன்றை இழுத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். குளியலறை அங்கே என்று கையால் காட்டினார். நான் போகவில்லை. அந்தக் கதிரையிலே இருந்து ஊசியைப் போட்டேன். கதவைச் சாத்தாமல், தேத்தண்ணி என்று பொய் சொல்லாமல், இன்னொரு ஆள் இருக்கிற இடத்தில் ஊசி போட்டது அன்றுதான். பன்னிரண்டு முப்பத்தைந்துக்குத் தட்டு மேசைக்கு வந்தது. கொஞ்சம் சோறு, நிறையப் பருப்பு, கீரை, பொரித்த மீன் ஒரு துண்டு. பருப்பில் உப்புக் கூட. நான் சொல்லவில்லை.

அவர் எதிரில் இருந்து ஃபைலைத் திறந்து, கடைசிப் பக்கத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே வாசித்தார்.

"உயிர்த்த ஞாயிறு, பாஸ்கு, ஏப்ரல் அஞ்சு. தபசுக்குள்ள கலியாணம் இல்லை. ஃபாதரிட்டை நாளைக்கே கதைக்கலாம். பாஸ்கு கழிஞ்சு ரெண்டாம் சனி எண்டால் ஏப்ரல் பதினெட்டு. பயணம் மே பதினாறு." பென்சிலை வைத்தார். "நேரம் காணும்."

"காணுமோ?" என்றேன்.

"காணும்."

பிறகு தொலைபேசியை எடுத்து ஒரு இலக்கத்தை அழுத்தினார். மறுபக்கம் எடுக்கும்வரை என் தட்டைப் பார்த்தார், சோறு முடிந்திருந்ததைக் கண்டு பருப்புச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"தம்பி, நான் மொன்றியலில இருந்து செபஸ்தியாம்பிள்ளை. உங்கட பஸ்ஸில அஞ்சலீனா எண்டு ஒரு இடம் சொல்லி வச்சனான். ஓம். அது வேண்டாம். இல்லை, இல்லை, வருத்தம் ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறா." பென்சிலை மறுபடி கையில் எடுத்தார். "அவ என்னோட வாறா."